சிறிய யந்திரமும் பெரிய கிரந்தமும்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டதும், அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் புதுவகைப் பாதுகாப்புச் சில்லும் இருந்தால்தான் ஏறும் என்று நிபந்தனை விதிப்பதும் சேர்ந்து, முந்தின நாள் வரையில் குறையின்றி உழைத்துவந்த எத்தனையோ கம்ப்யூட்டர்களை ஒரே வீச்சில் கிழடுகளாக்கிவிட்டன. காஞ்சிபுரத்தில் பள்ளிக்கூடங்களின் அலமாரிகளிலும், பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களின் மூலைகளிலும், 2011-ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கிவந்த லேப்டாப்களைப் பெற்ற நெசவாளர் வீடுகளின் பரண்களிலும் இத்தகைய யந்திரங்கள் தூசி படிந்து கிடக்கின்றன. ஏன் இப்படிக் கிடக்கின்றன என்று கேட்டால், “மெமரி பத்தாது சார், பெரிய ஃபைலைத் திறந்தா ஹேங் ஆயிடும்” என்பதே பெரும்பாலும் பதில்.

இந்தப் பதில் பாதி உண்மைதான் என்பதும், மற்றப் பாதியை நாம் ஆராயாமலே ஒப்புக்கொண்டு விட்டதனால் தமிழுக்குப் பெரிய நஷ்டம் நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம். சினிமாப் படத்தை வெட்டி ஒட்டுவதற்கும் புதிய விளையாட்டுகளை ஆடுவதற்கும் இந்த யந்திரங்கள் போதமாட்டா என்பது வாஸ்தவம். ஆனால் நூல்களின் பாடத்தைத் திருத்துவது, சொற்களைத் தொகுப்பது, கல்வெட்டு வாசகங்களை ஒப்பிடுவது முதலிய எழுத்துப் பணிகளுக்கு இவை இன்றும் முற்றிலும் தகுதியானவை. குறை யந்திரத்தின் நினைவகத்தில் இல்லை. எவ்வளவு பெரிய நூலானாலும் அதை முழுவதும் ஒரே சமயத்தில் கண்முன் பரப்பி வைத்தால்தான் அதில் ஓர் எழுத்தையாவது திருத்த முடியும் என்று நாம் பழகிக்கொண்டிருக்கும் முறையில்தான் குறை இருக்கிறது.

எழுத்துக் கோப்பு அவ்வளவு பெரிதாக எங்கே வளரப்போகிறது என்று சந்தேகிப்பவர்கள், இந்த ஊரின் சுவர்களையே முதலில் பார்க்கலாம். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் ஆலயத்தின் கல்வெட்டுகள், ஹுல்ச் என்னும் அறிஞர் 1890-இல் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் முதல் தொகுதியிலேயே இடம்பெற்றன. சுற்றாலை நெடுக அமைந்த சிற்றாலயங்களில் அம்மன்னனுடைய விருதுப்பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த முதல் தொகுதிக்குப் பின்னர் அந்த வரிசையில் எத்தனையோ தொகுதிகள் வெளிவந்துவிட்டன. கல்வெட்டுகளை விட்டு அகராதிக்கு வந்தால், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் பின்பு 1939-இல் ஓர் அனுபந்தமாகவும் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகின் பல திசைகளிலும் இருந்த தமிழன்பர்களின் இலவச உழைப்பினால் நூற்றுக்கணக்கான இலக்கியங்களை எழுத்துக் கோப்புகளாக்கித் தந்தது. 2016 வாக்கில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் உதவியோடு, நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களின் பக்கப் படங்கள் விக்கிமூலம் என்னும் இணைய நூலகத்தில் ஏற்றப்பட்டு, யந்திரத்தால் வாசிக்கப்பட்டு எழுத்தாயின.

இந்த இரண்டாயிரம் நூல்களை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பக்கத்துக்கு 200 சொற்கள், சொல்லுக்குச் சராசரி 9 குறியீடுகள், நூலுக்கு 300 பக்கங்கள் என்று வைத்துக்கொண்டால், இன்று எங்கும் வழங்கும் யூ.டி.எஃப்-8 என்னும் குறியீட்டு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் இடத்தை அடைப்பதனால், சொற்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளையும் சேர்த்து ஒரு நூல் ஏறக்குறைய 1.7 மெகாபைட் ஆகிறது. இரண்டாயிரம் நூல்களும் சேர்ந்து 3.4 ஜிகாபைட்டை எட்டுகின்றன. அவற்றை ஒரே கோப்பாகக் கோத்து, ஒரு சொல் எந்தெந்த ஆசிரியரிடத்தில் எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்று பார்க்க விரும்பும் மாணவனிடம் 2 ஜிகாபைட் நினைவகம் உள்ள லேப்டாப்தான் இருக்கிறதென்றால், அந்தக் கோப்பை அவன் சாதாரண எடிட்டரில் திறக்க முயலும் கணத்திலேயே அவனுடைய ஆராய்ச்சி முடிந்துபோகிறது.

அந்தக் கணத்தில் உள்ளே நடப்பது என்ன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். எடிட்டர் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை நினைவகத்துக்குள் இழுக்கத் தொடங்குகிறது. நினைவகம் நிறைந்ததும், அதில் இருப்பவற்றில் ஒரு பகுதியை ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு இடம் பண்ணிக்கொடுக்கிறது. தள்ளப்பட்டது உடனே மறுபடியும் தேவைப்படுகிறது. அதைக் கொண்டுவருவதற்காக வேறொன்று தள்ளப்படுகிறது. இப்படிக் கொண்டுவருவதும் கொண்டுபோவதுமே முழுநேர வேலையாகி, எடிட்டர் செய்யவேண்டிய வேலை ஓர் அங்குலமும் நகராமல் நிற்பதைத்தான் ‘ஹேங்’ ஆகிவிட்டது என்கிறோம். இவ்வளவும் போதாதென்று, எடிட்டர் தன் சொந்தக் கணக்குக்காக எடுத்துக்கொள்ளும் இடம் பல சமயங்களில் கோப்பின் அளவைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகிவிடுகிறது. இன்று நிரல் எழுதுவோர் பெரும்பாலோர் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டூடியோ கோட் என்னும் எடிட்டரில், வெறும் 35 மெகாபைட் கொண்ட ஒரு கோப்பைத் திறக்க முடியவில்லை என்று புகார் வந்தபோது அதன் ஆசிரியர்கள் காரணத்தைத் தேடினார்கள். அந்தக் கோப்பில் 1 கோடியே 37 லட்சம் வரிகள் இருந்தன என்பதும், வரிக்கு வரி தனித்தனிக் குறிப்பு வைத்துக்கொண்டதனால் மாத்திரமே ஏறக்குறைய 600 மெகாபைட் நினைவகம் செலவாயிற்று என்பதும் தெரியவந்தன. 2018-இல் அவர்கள் அந்த அமைப்பையே மாற்றி எழுதினார்கள். ஆக, நினைவகம் போதவில்லை என்று யந்திரத்தின் மேல் சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு, அந்த நினைவகத்தை ஊதாரித்தனமாகச் செலவிடும் மென்பொருளுக்கே உரியது.

இந்தச் சங்கடம் நேற்று முளைத்ததன்று. இதற்கான பரிகாரமும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அதைக் கண்டுபிடிக்கத் தூண்டுகோலாயிருந்தது ஓர் இலக்கியப் பிரச்னை என்பது தமிழ் அன்பர்கள் விசேஷமாக அறியத்தக்கது. அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787, 1788-ஆம் ஆண்டுகளில் ஹாமில்டன், மாடிசன், ஜே என்ற மூவர் ஒரே புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதினார்கள். அவற்றில் சிலவற்றை எழுதியவர் யார் என்பது நெடுங்காலம் விவாதத்துக்கு உரியதாக இருந்தது. ஔவையார் ஒருவரா பலரா என்று ஆராய்ந்து பழகிய நமக்கு இத்தகைய விவாதத்தின் ருசி நன்றாகத் தெரியும். 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் லீ மக்மேஹன் என்பவர் அக்கட்டுரைகளின் சொல்லாட்சியைக் கம்ப்யூட்டரில் ஆராய விரும்பினார். கட்டுரைகள் மொத்தம் ஒரு மெகாபைட்டைச் சற்றே தாண்டின. அவர் கையில் இருந்த பி.டி.பி-11 யந்திரத்தில் ஒரு நிரல் ஒரு சமயத்தில் எட்டக்கூடிய நினைவகமோ 64 கிலோபைட். அக்காலத்து எடிட்டருக்குள் அந்த நூல் நுழையவில்லை.

அப்போது அவருடைய சகாவான கென் தாம்ப்ஸன் பெரிய யந்திரம் வாங்கவேண்டும் என்று சொல்லவில்லை. எடிட்டருக்குள் இருந்த தேடும் திறனை மட்டும் பிரித்தெடுத்து, கோப்பின் ஒரு வரியைப் படிப்பது, தேடும் சொல் அதில் இருந்தால் அச்சிடுவது, அந்த வரியை மறந்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது என்ற மூன்றே காரியங்களைச் செய்யும் சிறு கருவியாக அதை ஆக்கிக்கொடுத்தார். அதுவே ‘கிரெப்’. சிறிது காலத்தில் மக்மேஹன் அதே தத்துவத்தைத் தேடுவதிலிருந்து திருத்துவதற்கு விரித்து, ‘செட்’ என்னும் கருவியை எழுதினார். அது வரிவரியாகப் படித்து, சொன்ன திருத்தத்தைச் செய்து, திருத்திய வரியை வேறொரு கோப்பில் எழுதிக்கொண்டே செல்லும். கோப்பு ஒரு மெகாபைட்டானாலும் ஆயிரம் ஜிகாபைட்டானாலும் அந்தக் கருவிக்கு எந்தக் கணத்திலும் வேண்டிய நினைவகம் ஏறக்குறைய ஒரே ஒரு வரிக்கு உண்டானதுதான். ஐம்பது வருஷங்களாக இவ்விரண்டும் உலகெங்கும் உழைத்துவருகின்றன. லினக்ஸ் என்னும் இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் உள்ள எந்த யந்திரத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன.

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு இந்த முறையில் அதிசயப்பட எதுவும் இல்லை. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளரைப் பாருங்கள். இரண்டு மூன்று புடவைகளுக்கு உரிய பாவு அவருக்கு எதிரே நீண்டு கிடக்கிறது. ஆனால் அவர் கண்ணுக்கும் கைக்கும் ஒரு சமயத்தில் வேண்டியிருப்பது நாடா ஓடும் இடத்தை ஒட்டிய ஒரு முழத் துணிதான். நெய்து முடிந்த பாகம் அவர் மடிக்கு அருகில் உள்ள கட்டையில் சுருண்டுகொள்ள, நெய்யவேண்டிய பாகம் எதிர்ப்புறத்திலிருந்து அளவாக நெகிழ்ந்து வருகிறது. அந்த ஒரு முழத்துக்குள் கோர்வைக் கரை உடலோடு பிசகாமல் சேர்ந்ததா, ஜரிகை எழும்பவேண்டிய இடத்தில் எழும்பியதா என்பதையெல்லாம் அவர் பார்த்துவிடுகிறார். முழுப் புடவையையும் விரித்துப் போட இடம் இல்லையே என்று எந்த நெசவாளரும் தறியை நிறுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ஊடை ஓட்டத்துக்கு ஓர் அட்டையாக அவர் தலைக்கு மேலே திரும்பிக்கொண்டிருக்கும் ஜக்கார்டுப் பெட்டியின் வரலாறும் இதையே ருசுப்படுத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை அமைத்த ஜக்கார்டின் உருவப்படத்தையே 1839-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் பட்டில் நெய்தபோது, அதற்குத் துளையிட்ட அட்டைகள் 24,000 வேண்டியிருந்தன. எந்தக் கணத்திலும் அந்த யந்திரம் படித்துக்கொண்டிருந்தது அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான்.

இப்படி ஓடவிட்டுத் திருத்தும் முறை எல்லா வேலைக்கும் பொருந்தாது என்று அறிந்தவர்கள் ஆட்சேபிப்பார்கள். அந்த ஆட்சேபம் நியாயமானதே. நூல் முழுவதும் ஒரே விதமாக வரும் பிழையைக் களைய ‘செட்’ போதும். ஆனால் பதிப்பாசிரியர் ஒருவர் முன்னும் பின்னும் புரட்டி, இங்கே ஒரு வாக்கியத்தைச் சேர்த்து, அங்கே ஒரு பத்தியை எடுத்து, மனம் மாறினால் பழையபடி ஆக்கிக்கொள்ளவும் வேண்டுமே! அதற்கும் 1970-களிலேயே வழி பிறந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பட்லர் லாம்ப்ஸனும் சார்லஸ் சிமோனியும் 1974-இல் உருவாக்கிய பிராவோ என்ற எடிட்டர், மூலக் கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதை டிஸ்க்கில் இருந்தபடியே வைத்துக்கொண்டது. புதிதாகத் தட்டச்சுச் செய்வதை எல்லாம் வேறோர் இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, மூலத்தில் இங்கிருந்து இதுவரை, பிறகு புதியதில் இந்தத் துண்டு, மறுபடியும் மூலத்தில் இங்கிருந்து இதுவரை என்று ஒரு சிறு பட்டியலை மாத்திரம் நினைவகத்தில் வைத்திருந்தது. நூல் எவ்வளவு பெரிதானாலும் பட்டியல் திருத்தங்களின் எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் வளரும். செய்த திருத்தத்தை ரத்துச் செய்வதோ பட்டியலில் ஒரு வரியை மாற்றுவதோடு முடிந்துபோகும். சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றபோது இந்த உபாயமும் அவரோடு போய் வேர்டு என்னும் மென்பொருளில் இடம்பெற்றது. மேலே சொன்ன விஷுவல் ஸ்டூடியோ கோட் 2018-இல் தேடிப்போய்ச் சேர்ந்ததும் இதே தத்துவத்தைத்தான். நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்துப் புதிய மென்பொருள் பழைய சிக்கனத்திடம் திரும்பி வந்தது என்றால், சிறிய யந்திரங்களின் காலத்தில் பிறந்த அறிவைக் காலாவதியானது என்று தள்ளுவது எவ்வளவு அவிவேகம் என்பது விளங்கும்.

தமிழுக்கென்று தனியாக உள்ள சிரமங்களை இனிச் சொல்லவேண்டும்; ஏனெனில், பகுதி பகுதியாகக் கையாளும் முறையைக் கண்டுபிடித்தவர்கள் தமிழை மனத்தில் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்கவில்லை. ‘காஞ்சிபுரம்’ என்னும் பெயர் நம் கணக்கில் ஆறு எழுத்து. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டு முறையிலோ ககரமும் காலும், ஞகரமும் புள்ளியும், சகரமும் இகரக் குறியும் என்று பிரிந்து அது பதினொரு குறியீடுகளாகி, யூ.டி.எஃப்-8 கோப்பில் 33 பைட் இடத்தை அடைக்கிறது. எழுத்துக்கு ஒரு குறியீடு வீதம் 16 பிட் கணக்கில் அமைந்ததும், 2010-இல் தமிழக அரசு அங்கீகரித்ததுமான டேஸ்-16 முறையில் அதே பெயருக்கு 12 பைட் போதும். ஆனால் உலகம் முழுவதும் யூனிகோடையே தழுவிக்கொண்டுவிட்டபடியால் அந்த முறை பரவவில்லை. பெரிய கோப்பைக் குறித்த அளவில் துண்டு துண்டாக நறுக்கும்போது துண்டின் எல்லை மூன்று பைட்டுகளின் நடுவில் விழுந்தால், யூ.டி.எஃப்-8-இன் அமைப்பே யந்திரத்துக்குச் சரியான எல்லையைக் காட்டிக்கொடுத்துவிடும். 1992-இல் அதை ராப் பைக் என்பவரோடு சேர்ந்து அமைத்தவர் ‘கிரெப்’பைத் தந்த அதே கென் தாம்ப்ஸன். ஆயினும் ஞகரத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவே எல்லை விழுந்தால், யந்திரத்தின் கணக்கில் இரண்டு துண்டுகளும் குற்றமற்றவையே. நம் கணக்கிலோ முந்தைய துண்டு ‘ஞ’ என்று முடிய, அடுத்த துண்டு தலையில்லாத புள்ளியோடு தொடங்குகிறது. தமிழ்க் கோப்பை வெட்டுகிறவர்கள் எழுத்தின் நடுவில் வெட்டாமல் வரியின் முடிவில் வெட்டவேண்டும் என்பது இதனால் முதல் விதியாகிறது.

இரண்டாவது சிரமம் தேடுவதில் இருக்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதிவைக்கலாம். எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதிவைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். தேடும் கருவிக்கோ இரண்டும் வேறு வேறு. பெரிய கோப்பில் ‘கொடை’ என்று தேடியவருக்குப் பாதி இடங்கள் அகப்படாமலே போகக்கூடும். அகப்படவில்லை என்பதும் அவருக்குத் தெரியாது. ஆகையால் எந்தப் பெரிய தொகுப்பையும் முதலில் ஒரே சீரான குறியீட்டுக்கு மாற்றிக்கொள்வது அவசியம். அந்த மாற்றத்தையும் வரிவரியாக ஓடவிட்டே செய்துவிடலாம்.

மூன்றாவது, யந்திரம் வாசித்துத் தந்த நூல்களில் மலிந்து கிடக்கும் பிழைகள். காலும் ரகரமும் உருவத்தில் ஒத்திருப்பதனால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடுகிறது. ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து ‘ஒளவையார்’ ஆகிவிடுகிறது. இந்தக் கடைசிப் பிழையை ஒரு பெரிய கோப்பில் களைவது எப்படி என்று பார்த்தால், இந்த வேலையில் எவ்வளவு நிதானம் வேண்டும் என்பது புலப்படும். ‘ஒள’ என்று வருமிடமெல்லாம் ‘ஔ’ என்று மாற்றிவிடு என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டளையிட்டால், ஔவையார் சரியாகிவிடுவார். ஆனால் நூலில் உள்ள ‘ஒளி’ எல்லாம் ஔகாரத்தின் மேல் இகரக் குறி தொற்றிக்கொண்ட விகாரமாகிக் கெட்டுப்போகும். ஆகவே விவேகமுள்ளவர் முதலில் மூலக் கோப்பைப் பிரதி எடுத்துப் பத்திரமாக வைப்பார். பிறகு ‘கிரெப்’பைக் கொண்டு அந்த இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும் வரிகளை மட்டும் பொறுக்கி எடுத்துப் படித்துப் பார்ப்பார். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் தொடாதே, வராவிட்டால் மாற்று என்று விதியைத் திட்டமாக வகுத்துக்கொள்வார். அந்த விதியைக் கோப்பின் முதல் ஆயிரம் வரிகளில் சோதித்த பின்னரே முழுக் கோப்பையும் ‘செட்’டின் வழியே ஓடவிட்டு, திருத்திய பாடத்தைப் புதிய கோப்பில் பெற்று, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய வரிகளை மட்டும் மறுபடியும் கண்ணால் பார்ப்பார். இத்தனைக்கும் 2 ஜிகாபைட் நினைவகம் தேவைக்கு அதிகம். தேவையானது டிஸ்க்கில் இரண்டு பிரதிகளுக்கு இடமும், திருத்துகிறவரிடத்தில் தமிழறிவும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வரிவரியாகப் படிக்கும் முறை, கோப்பில் வரிகள் இருந்தால்தான் பலிக்கும். சில மென்பொருள்கள் நூல் முழுவதையும் வரிப்பிரிவே இல்லாமல் ஒரே நீண்ட வரியாகக் கொட்டிவைக்கின்றன. அப்படிப்பட்ட கோப்பின்முன் ‘செட்’டும் திணறும். அதைத் திரையில் காட்ட முயலும் எடிட்டரின் பாடு இன்னும் மோசம். தமிழ்க் குறிகளை முன்னும் பின்னும் இடம் மாற்றிச் சேர்த்து எழுத்துருவாக்க வேண்டியிருப்பதால், முடிவில்லாத வரியை வடிவமைப்பதற்கே அதற்கு நெடுநேரம் பிடிக்கும். வாக்கியத்துக்கு ஒரு வரியோ பத்திக்கு ஒரு வரியோ வைத்துக் கோப்பைச் சேமிப்பது சின்ன ஒழுங்குதான். பிற்காலத்தில் அதைக் கையாளப்போகும் எத்தனையோ பேருக்கு அது பேருபகாரமாக இருக்கும்.

நினைவகம் மலிவாயிற்றே, சில ஆயிரம் ரூபாயைச் செலவிட்டால் தீர்ந்துபோகும் விஷயத்துக்கு இவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பழைய லேப்டாப்கள் சிலவற்றில் நினைவகத்தைக் கூட்டுவதற்கு வழியே இல்லை என்பது ஒருபுறம் இருக்க, காஞ்சிபுரத்தில் தறி நெய்யும் ஒரு குடும்பத்துக்கு அந்தத் தொகை அற்பமானதன்று என்பதையும் அவர்கள் யோசிக்கவேண்டும். அதைவிட முக்கியமான சமாதானம் ஒன்று உண்டு. நினைவகம் பெருகும்போதெல்லாம் கோப்புகளும் கூடவே பெருகிவந்திருக்கின்றன. விண்டோஸ் 95 காலத்து நோட்பேடு ஏறக்குறைய 64 கிலோபைட்டுக்கு மேற்பட்ட கோப்பைத் திறக்க மறுத்தது. இன்றைய யந்திரங்கள் அதைப்போல் பல்லாயிரம் மடங்கைத் திறக்கின்றன. ஆயினும் திறக்க முடியாத கோப்பு என்பது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. தமிழ் நூல்கள் அனைத்தும் எழுத்துருவம் பெறும் காலத்தில், இன்று பெரிய யந்திரம் என்று நாம் கருதுவதும் சிறிதாகிவிடும். பெரிய யந்திரத்தை வாங்குகிறவன் சில வருஷங்களுக்குத் தப்பித்துக்கொள்கிறான். முறையைக் கற்றுக்கொள்கிறவன் எந்தக் காலத்திலும் தப்பித்துக்கொள்கிறான்.

எங்கோ உள்ள பெரிய கம்ப்யூட்டர்களுக்குக் கோப்பை அனுப்பி வேலையை முடித்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு யோசனை. வசதியுள்ள ஸ்தாபனங்களுக்கு அது சரி. ஆனால் 3.4 ஜிகாபைட்டை மேலே அனுப்பவும் திரும்பப் பெறவும் தடையில்லாத இணைப்பும் மாதந்தோறும் வாடகையும் வேண்டும். இன்னும் பதிப்பிக்கப்படாத சுவடிப் பாடங்களையும் கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குகளையும் பிறர் கையில் ஒப்படைக்க மனமும் வேண்டும். தன் வீட்டுத் திண்ணையில், தன் கையில் உள்ள யந்திரத்தில், இணைப்பே இல்லாமல் ஒரு மாணவி செய்யக்கூடிய காரியத்தை அவளுடைய கைக்கு எட்டாதது ஆக்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் உள்ள யந்திரத்தை இணையத்தில் இணைப்பது ஆபத்து என்பது உண்மை. அதற்கு மாற்றாக, சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் வகைகளும், பழைய யந்திரங்களுக்கென்றே சுருக்கமாக அமைந்த வேறு லினக்ஸ் வகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் சொல்லிவந்த கருவிகள் அனைத்தும் அவற்றில் முன்பே அடங்கியிருக்கின்றன.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு மூன்று விஷயங்களை வற்புறுத்த விரும்புகிறேன். முதலாவது, மேல்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் பாடத்தோடு நின்றுவிடாமல், தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கும் பெரிய எழுத்துக் கோப்புகளைப் பகுதி பகுதியாகக் கையாளும் அப்யாசத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சுவடி படிக்கவும் கல்வெட்டு மைப்படி எடுக்கவும் பயிற்சி தருவது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் இதுவும். தேடுவது, ஓடவிட்டுத் திருத்துவது, பிரிப்பது, சேர்ப்பது, ஒப்பிடுவது, தமிழ் நெடுங்கணக்கின்படி அடுக்குவது என்ற ஆறு காரியங்களைச் செய்யக் கற்றுக்கொண்ட மாணவனுக்கு ஓர் அகராதிப் பணியே கைவசமாகிவிடும். கடைசியில் சொன்னதற்குத் தனிக் கவனம் வேண்டும். ஏனென்றால் யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்பதால், யந்திரம் தன் போக்கில் அடுக்கிய பட்டியல் நம் நெடுங்கணக்கோடு ஒத்துவராது.

இரண்டாவது, தமிழ் நூல்களையும் கல்வெட்டுகளையும் மின்னுருவில் வெளியிடும் அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் கல்விக்கழகங்களும், பக்கங்களைப் படமாகப் பிடித்துப் போடுவதோடு திருப்தியடையாமல், அவற்றின் பாடத்தை யூனிகோடில், சீரான குறியீட்டில், வரிப்பிரிவோடு கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகளாகவும், தொகுதி தொகுதியாகப் பிரித்தும் கொடுக்கவேண்டும். படத்தைப் பார்க்கத்தான் முடியும். எழுத்துக் கோப்பைத் தேடலாம், திருத்தலாம், எண்ணலாம், எவ்வளவு சிறிய யந்திரத்திலும் கையாளலாம்.

மூன்றாவது, தமிழில் எழுத உதவும் மென்பொருள்களை உருவாக்கும் நம் இளைஞர்கள், தாங்கள் உபயோகிக்கும் புதிய லேப்டாப்பை அளவுகோலாகக் கொள்ளாமல், இந்த ஊரின் பரண்களில் கிடக்கும் பழைய லேப்டாப்பை அளவுகோலாகக் கொள்ளவேண்டும். கோப்பை முழுவதும் விழுங்காமல், கண்ணுக்குத் தெரியும் பகுதியையும் அதன் அக்கம்பக்கத்தையும் மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, தமிழ் எழுத்தின் நடுவில் ஒருபோதும் வெட்டாமல், ‘கொ’வை எப்படி எழுதியிருந்தாலும் அடையாளம் கண்டு தேடித்தரும் ஒரு நல்ல தமிழ் எடிட்டரை அவர்கள் எழுதினால், அது ஒரு நூல்நிலையத்தைக் கட்டித் தருவதற்குச் சமமான உபகாரமாகும். அதற்கு வேண்டிய தத்துவங்கள் யாவும் எல்லோருக்கும் பொதுவாக அரை நூற்றாண்டாகத் திறந்தே கிடக்கின்றன.

விக்கிமூலத்தில் உள்ள இரண்டாயிரம் நூல்களில் பல இன்னும் யந்திரம் வாசித்த பிழைகளோடு திருத்துவாரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கின்றன. திருத்தக்கூடிய தமிழறிவு உள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள், யந்திரங்களும் இருக்கின்றன. இடையில் நிற்பது “மெமரி பத்தாது” என்ற ஒரே வார்த்தைதான். இந்தப் பணிக்கு அது பொருந்தாது என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு மாதப் பாடத்தில் காட்டிவிடலாம். அந்த ஒரு மாதத்தை ஒதுக்கித் தருமாறு பள்ளிக்கல்வித் துறையையும், காஞ்சிபுரத்துக் கல்லூரிகளையும், பழைய கம்ப்யூட்டர்களைக் கழிவென்று எடைக்குப் போட நினைக்கும் ஸ்தாபனங்களையும் பணிவோடு, ஆனால் அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.